பிரிசில்லா அக்கா சொல்லி முடிக்காத சாட்சி

பிரிசில்லா அக்காவை நாம் ஒரு பொய்யோடு சேர்த்துப் புதைத்தோம். கல்லறைத் தோட்டத்தில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. "வலிப்பு நோயிலிருந்து பூரண சுகம் பெற்று, கடைசிவரை அந்தச் சுகத்தில் வாழ்ந்த சகோதரி" என்று பாஸ்டர் சொன்னார். அது உண்மையில்லை என்று அங்கே நின்றவர்களில் ஐந்தாறு பேருக்காவது தெரியும். அந்த ஐந்தாறு பேரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன்.

இறந்த செய்தி எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வந்தது. கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்கு ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவின் வாட்ஸப்பில் ஒரு வரி: "நமது சகோதரி பிரிசில்லா இன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். முப்பத்தைந்து வயதுப் பெண் திடீரென்று செத்துப்போயிருக்கிறாள், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. அதை யாராவது என் வாயிலிருந்து வரவழைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. பின்னால் வந்த ஒருவர், "ஓரமா நில்லும்மா, வண்டி போய்டும்" என்று இடித்துக்கொண்டு போனார்.

நினைவு ஆராதனைக்கு அச்சடிக்கும் தாளில் போட, அவரோடு பழகியவள் என்பதால், "நல்லதா நாலு வரி எழுதிக் குடு ஷைனி" என்று என்னிடம் கேட்டார்கள். உட்கார்ந்து எழுதியபோது வந்தது இதுதான். இதை அவர்கள் அச்சடிக்க மாட்டார்கள். அதனால் அவரைத் தெரிந்த உங்களுக்கே அனுப்புகிறேன். முக்கியமாகப் பாடகர் குழுவில் அவரோடு நின்று பாடிய பன்னிரண்டு பேருக்கு.

அவர் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். நம் சபையில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது அவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி. நான் முதலில் அவரைப் பார்த்ததும் அந்தக் கடையின் இருட்டறையில்தான், சபையில் அல்ல. தலைவலி என்று போயிருந்தேன். எதிரே வெளிச்சப் பலகையில் எழுத்துகள் வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போயின. ஐந்தாவது வரி எனக்குப் புகையாகத் தெரிந்தது. ஆனாலும் படித்தேன்.

"தெரியுதா, யூகிக்கிறியா?" என்று இருட்டில் இருந்து கேட்டார்.

"கொஞ்சம் யூகிக்கிறேன்."

"இது பரீட்சை இல்லம்மா, பாஸ் மார்க் எல்லாம் கிடையாது. நீ யூகிச்சது சரியா அமைஞ்சிட்டா நான் தப்பான கண்ணாடி போட்டு அனுப்பிடுவேன். அப்புறம் பஸ் நம்பர் தெரியாம ரோட்டுல ஓடப்போறது நீதான்."

நான் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்றாவது வரியிலேயே, "இதுக்கு மேல தெரியல" என்று சொன்னேன். "இப்ப சரி" என்றார். பெரிய பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர்கள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து யூகித்துத்தான் படிப்பார்களாம். "கண்ணு தெரியலன்னு கண்ணு பாக்குறவங்ககிட்டயே ஒத்துக்க மாட்டாங்க. வெளியில எங்க ஒத்துக்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

ஜோடி முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். குழுவில் யார் தனியாகப் பாடுவது என்ற சண்டை முற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தோமே, அந்தச் சமயம். பதினான்கு பேர், ஏழு ஜோடி. சீட்டுக் குலுக்கிப் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிடம், மாடிப்படியிலும் சைக்கிள் நிறுத்தும் இடத்திலுமாக இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். அந்த வாரம் சொல்லப் பிடிக்காத ஓர் உண்மையை ஒருவர் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அறிவுரை சொல்லக் கூடாது, வசனம் சொல்லக் கூடாது. பிறகு இடம் மாற வேண்டும். "ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்லிச் சொல்லியே மனுஷங்ககிட்ட தப்பிச்சுக்கறோம்" என்றார் அன்றைக்கு.

அதை நாம் என்ன செய்தோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரம் தவறாமல் கோபத்தையும் சோம்பலையும் அறிக்கையிட்டோம். "இந்த வாரம் ரெண்டு நாள் வேதம் வாசிக்கலக்கா." "மாமியார்கிட்ட குரலை உயர்த்திட்டேன்." சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி பாவத்துக்கும் இஸ்திரி போட்டு எடுத்து வந்தோம். டெனர் குரலில் பாடுகிற ஒருவர், "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல, யாராவது ஒண்ணு கடன் குடுங்கப்பா" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிரிசில்லா அக்காவும் சிரித்தார். ஆனால் முறையை நிறுத்தவில்லை.

என் சீட்டில் வந்தது அவர் பெயர். மூன்று மாதம் நானும் சோம்பலைத்தான் சொன்னேன். ஒரு சனிக்கிழமை எனக்கே அலுத்துப்போய், உண்மையைச் சொல்லிவிட்டேன்: "நான் ஆறு மாசமா ஜெபமே பண்ணலக்கா. ஞாயித்துக்கிழமை கீபோர்டு வாசிக்கும்போது கண்ணை மூடிக்கறேன்ல, உள்ள ஒண்ணுமே இல்ல. மூடினா பக்தியா தெரியும்னு மூடிக்கறேன்."

அவர் தன் ஒரு கேள்வியை யோசித்தார். "மூடாம வாசிக்க வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"அப்ப திறந்து வாசி."

அது அறிவுரை இல்லையா என்று மடக்கினேன். "ஆமா, தப்புதான். இதை என் கணக்குல எழுதிக்கோ" என்றார். அடுத்த ஞாயிறிலிருந்து கண்ணைத் திறந்துதான் வாசிக்கிறேன். பாஸ்டரம்மா இரண்டு முறை, "என்னம்மா, அபிஷேகம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று விசாரித்தார்.

இனி அவருடைய நோயைப் பற்றி. பள்ளியில் படிக்கும்போதிருந்தே அவருக்கு வலிப்பு உண்டு. மாடம்பாக்கத்தில் அவர் தெருவில், வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிற கூட்டத்தையும், பிசாசு என்று எண்ணெய் தடவுகிற கூட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர். மாத்திரையால் அது அடங்கியிருந்தது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் நம் சபையில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அவர் தலையில் கைவைத்து, சுகமாயிற்று என்று அறிவித்தார். பிரிசில்லா அக்கா மாத்திரையை நிறுத்தினார். படித்தவர், மருத்துவத்தை ஒட்டிய வேலை பார்ப்பவர், எப்படி நிறுத்தினீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "நம்பணும்னு ஆசையா இருந்துச்சு" என்றார்.

நான்கு மாதம் வலிப்பு வரவில்லை. ஐந்தாவது மாதம் அவரை மேடையேற்றி, சுகமான கதையைச் சாட்சியாகச் சொல்லவைத்து, படம் பிடித்து, பின்னணிக்கு என் இசையையும் சேர்த்துச் சபையின் யூடியூபில் போட்டார்கள். நம் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஏழாவது மாதம், கடையின் இருட்டறையில், ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு மறுபடி வலிப்பு வந்தது.

இதை அவர் மாடிப்படியில் என்னிடம் சொன்னபோது நவம்பர் மழை பெய்துகொண்டிருந்தது. சொல்லப் பிடிக்காத உண்மை என்று அவர் வைத்த விதிக்கு அவரே கட்டுப்பட்டுச் சொன்னார். நான் என் ஒரு கேள்வியைக் கேட்டேன்: "மாத்திரை சாப்பிடறீங்களா?" அவர் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி இல்லை, மாத்திரை அட்டை இருந்தது. "பாஸ்டர்கிட்ட சொல்லணும் ஷைனி. வீடியோவ எடுக்கச் சொல்லணும். நினைச்சாலே பயமா இருக்கு" என்றார்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "கிறிஸ்மஸ் முடியட்டும்கா. இப்ப சொன்னா எல்லாம் பேஜாராயிடும்." கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது. நான் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். அவர் பயத்துக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது, அதை எடுத்துக் கொடுத்தவள் நான். கிறிஸ்மஸ் முடிந்தது, புத்தாண்டு ஆராதனை முடிந்தது. அவர் கண்ணாடிக் கூட்டோடு சபைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

ஜனவரி கடைசியில் பாஸ்டரைப் பார்க்கப் போனோம். நான் கூடப் போனேனே தவிர வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் கோபப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சிஸ்டர், மாத்திரை தாராளமா சாப்பிடுங்க. நான் வேணாம்னே சொல்லல. ஆனா வெளிய சொல்லாதீங்க. விசுவாசத்துல பலவீனமானவங்க இடறிடுவாங்க" என்றார்.

"வீடியோ, பாஸ்டர்?"

"அதை எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்களே சிஸ்டர்."

ஒரு பெரிய சபையின் பாஸ்டர் ஒரு கேள்விக்குப் பயந்து நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்ததும் பிரிசில்லா அக்கா, "பாவம், நம்மளவிட அதிகமா பயந்துட்டாரு" என்றார். எனக்குப் பாஸ்டரைப் பார்த்துப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதே மாதத்தில் சிட்லபாக்கத்திலிருந்து அவருக்கு ஒரு வரன் வந்தது. நம் சபைக் குடும்பம்தான், பெயர் வேண்டாம். அவருடைய சாட்சியின்போது முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவர்கள். பெண் பார்க்க வந்து, காபி குடித்து, பாட்டுப் பாடி, ஜெபம் செய்தார்கள். கிளம்பும்போது பையனின் அம்மா தனியாக அழைத்து, "தப்பா எடுத்துக்காதம்மா, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் குடுத்துடேன், எங்க திருப்திக்கு" என்று கேட்டிருக்கிறார். அக்கா ரிப்போர்ட்டுக்கு அவசியமில்லை என்று உண்மையையே சொல்லிவிட்டார். அத்தோடு வரன் போயிற்று. அந்த வீட்டார் வெளியே மூச்சுவிடவில்லை. பெண்ணுக்குச் செய்த உபகாரம் என்று நினைத்திருப்பார்கள். "என் சாட்சியை முதல்ல நம்பாதவங்க அவங்கதான். நல்லாத்தான் கைதட்டினாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அக்காவின் அம்மா சமையலறையில் அழுதுகொண்டிருந்தார்.

இப்படியே போயிருந்தால் அவர் கடைசிவரை கண்ணாடிக் கூட்டில் மாத்திரையை மறைத்தே வாழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் வீராங்கனை அல்ல. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். நம் சபையைப் பெருக்கித் துடைப்பவர், பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலும் செய்கிறார். அவர் மகள் கிருபாவுக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கும் வலிப்பு உண்டு.

"உன் வீடியோவ தினம் போட்டுப் பாக்குறேன்மா. பாத்துப் பாத்து எனக்கும் விசுவாசம் வந்துட்ச்சு. பத்து நாளாச்சு, கிருபாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டேன். இப்ப ஸ்கூட்டி ஓட்டப் பழகிகினு கீது பொண்ணு."

பிரிசில்லா அக்காவின் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு முன்னால் அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் பார்த்ததில்லை. ஸ்டெல்லா அக்காவைத் தனியாக அழைத்துப் போய், தனக்குத் திரும்ப வந்துவிட்டதைச் சொன்னார், கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார், இன்றைக்கே மாத்திரையை ஆரம்பியுங்கள் என்று கெஞ்சினார். ஸ்டெல்லா அக்கா கையை உதறினார்.

"இன்னாம்மா நீ, உன் விசுவாசம் குறைஞ்சுட்ச்சு, அதுக்கு நான் இன்னா பண்றது? நீ சுகமாவணும், எங்க வூட்டுப் பொண்ணு ஆவக்கூடாதா? அப்டி இருந்தா பாஸ்டரு சொல்ல மாட்டாரா?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிந்தால் இரண்டு வேலைக்கு ஓடுகிற பெண், ஆஸ்பத்திரி வரிசையில் மகளோடு அரை நாள் நின்று, கல்யாணத்துக்கு யார் வருவார்கள் என்று தினமும் வேகிறவர். மேடையில் சொல்லப்பட்டதை மேடையில்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பிரிசில்லா அக்கா அன்றைக்கு முடிவு செய்தார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

வெளியாட்கள் இதைப் படித்தால் புரிவதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்பவர் நீட்டிக்கொண்டே போனாலோ, வீட்டுச் சண்டையைப் பேச ஆரம்பித்தாலோ, பாஸ்டர் தன் வலது கையின் இரண்டு விரல்களை இடுப்புக்குப் பக்கத்தில் லேசாக உயர்த்துவார். கீபோர்டு வாசிப்பவருக்கு மட்டும் அது தெரியும். நான் மெதுவாக ஒரு பல்லவியை ஆரம்பித்து ஒலியைக் கூட்டுவேன். சபை எழுந்து கைதட்டிப் பாடத் தொடங்கும். பேசியவர் பாட்டோடு கலந்து இறங்கிவிடுவார். யார் மனதும் புண்படாது. ஏழு வருடமாக இதைச் செய்து வருகிறேன், ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் சாட்சியில ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். தாளில் எழுதி வந்திருந்தார். தாள் நடுங்குவது என் இடத்திலிருந்து தெரிந்தது. "எனக்கு வலிப்பு திரும்பி வந்திருச்சு. நான் மாத்திரை..."

இரண்டு விரல்கள் உயர்ந்தன. என் கண் திறந்துதான் இருந்தது. விரல்களையும் பார்த்தேன், அக்காவையும் பார்த்தேன். வாசித்தேன்.

ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என்பதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது. கை தானாகப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. நான் வாசிக்காவிட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் கையை விட வேகமாகப் போனது. சபை எழுந்தது, நீங்கள் பாடினீர்கள். அவர் மைக்கை விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். "மாத்திரைய யாரும் நிறுத்தாதீங்க" என்றது வரை எல்லாமே எனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் தெளிவாக விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் அவர் துதிக்கிறார் என்று நினைத்து அல்லேலூயா சொன்னார்கள். ஸ்டெல்லா அக்கா இரண்டு கைகளையும் தூக்கி அழுதுகொண்டே பாடிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து செருப்பு போடும் இடத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"நீ வாசிச்ச."

"ஆமாக்கா."

"பயமா?"

"ஆமா."

"சரி. சனிக்கிழமை வா, பேசணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

நான் அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அலுவலகத்தில் வேலை என்று மெசேஜ் போட்டேன். அடுத்த சனிக்கிழமை ஜுரம் என்றேன். மூன்றாவது வாரம் அவரே கடையிலிருந்து போன் செய்து, "ஜுரம் விட்டுச்சா? இல்ல, எங்கிட்ட இருந்து ஒட்டிக்கும்னு பயமா?" என்று கேட்டார். போனேன். மாடிப்படியில் என் முறை வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அது கிடக்கட்டும். எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது? நான் என்ன சொன்னேன்னு இந்தச் சபையில முழுசா கேட்டவ நீ ஒருத்திதான். நான் போய்ச் சொன்னா பொறாமைன்னு நினைக்கிறாங்க. நீ போய் ஸ்டெல்லா அக்காகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் உன்னை மன்னிக்கிறேன்."

போகிறேன் என்றேன். ஏப்ரலில் சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய ஒரு கேள்வி அதுவாகவே இருந்தது: "போனியா?" ஒவ்வொரு சனிக்கிழமையும் இல்லை என்று சொன்னேன். பொய் மட்டும் சொல்லவில்லை. அவரும் அலுக்காமல் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து வெள்ளிக்கிழமையே எனக்குத் தூக்கம் கெடும். இதற்கிடையில் பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்பதைச் சிலர் தவிர்த்தீர்கள். ஒரே ஒரு அடி தள்ளி நின்றீர்கள். அவர் அதைக் கவனித்தார்.

அவர் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டில் வீட்டு ஜெபம் இருந்தது. முன்கூட்டியே முடிவானது. பாஸ்டரம்மாவோடு சபைப் பெண்கள் சிலர் ஆறரை மணிக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குளிக்கப் போனார். அவர் எப்போதும் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டார். விழுந்தால் அம்மா உள்ளே வர வேண்டும் என்பதற்காக, கதவைச் சும்மா சாத்தி வைப்பார். "அன்னிக்கு ஆளுங்க இருந்தாங்கல்ல. அதான் தாழ்ப்பாள் போட்டிருக்கா" என்று அவர் அம்மா என்னிடம் சொன்னார். கூடத்தில் இருந்தவர்களிடம், என் மகளுக்கு வலிப்பு உண்டு, கதவு திறந்திருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. சுகமானவள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு பேச முடியாது. அக்காவின் தம்பி இம்மானுவேல் கதவை உடைத்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அவருக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். "பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம். தெரியாதுமா" என்றார். அக்காவைப் பற்றி எழுதும்போது எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. நாம் அவரைக் கொன்றோம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாளை அவர் போட்டது நமக்காக. அது எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஒருவழியாக, ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். கிருபா வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டலூர் பக்கம் உள்ள அவள் கல்லூரிக்கு, ஜிஎஸ்டி ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, இந்த மாதத்திலிருந்து அதில்தான் போகிறாளாம். "ஹாய்க்கா" என்றாள். நான் உள்ளே போய், பிரிசில்லா அக்கா அந்த ஞாயிறு மைக்கில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் பயம் இருந்தது.

"அந்தம்மா சொன்னது நெஜம்னா, நீங்கல்லாம் ஏன் பாட்டு பாடுனீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"நீ ஒருத்தி வந்து சொல்ற. அன்னிக்கு நீதான வாசிச்ச? அவ்ளோ பேரும் பொய்யா? அடக்கத்துலகூட பாஸ்டரு சுகம்னுதான சொன்னாரு. போம்மா. எம்பொண்ணு நல்லா கீது. வாயை வெச்சிடாத."

கதவைச் சாத்தினார். நான் தெருவில் நின்றேன். பின்னால் ஸ்கூட்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிரிசில்லா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எது என்று எழுதி முடிக்க வேண்டுமாம், அந்தத் தாளுக்கு அதுதான் வழக்கம். அவருடைய துணிச்சல் எனக்கு வரவில்லை. வந்தது அவருடைய பயம்தான், அதுவும் கிருபாவைப் பற்றிய பயம். என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்த பயம் வேறு. ஓர் உயிருக்காக அவர் பயந்து, தாள் நடுங்க நடுங்க எழுந்து நின்ற பயம் வேறு. இரண்டாவதை அவரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் போன் அதிர்ந்தால் கிருபாவின் பெயர்தான் முதலில் மனதில் வருகிறது. அடுத்த கும்பிட்ட கைகளின் வரிசை அவளுக்காக இருக்குமோ என்று எடுத்துப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா அக்கா என் ஒருத்தி பேச்சை நம்ப மாட்டார். நம்ப அவருக்குக் காரணமும் இல்லை. அன்றைக்குப் பாடியவர்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, பிரிசில்லா அக்கா உண்மையைத்தான் சொன்னார், அதை நாங்கள் பாட்டால் மூடினோம் என்று சொன்னால் ஒருவேளை நம்புவார். அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து மூன்று முறை இதைக் குழுவில் கேட்டுவிட்டேன். பன்னிரண்டு பேரும் படித்ததற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது. ஒருவர் மட்டும் அடுத்த பயிற்சிக்கான பாட்டுப் பட்டியலைப் போட்டார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குத் திரும்பவும் போகிறேன். நான்காவது முறையாகக் கேட்கிறேன், இந்தத் தடவை பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள்: என்னோடு யார் வருகிறீர்கள்?